மதிலுக்கு அப்பால் இருந்தவர்கள்

தில்லியிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் பயணம் செய்த நம்மவர் யாவரும் போபால் நிலையத்தை அறிவர். வண்டி அங்கே சில நிமிஷங்கள் நிற்கும். குழந்தைகளுக்குப் பாலும் நமக்குத் தேநீரும் வாங்கிக்கொண்டு மீண்டும் இருக்கையில் வந்து அமர்வோம். அந்நிலையத்திற்கு வடக்கே, அதிகத் தொலைவில் இல்லாத ஓரிடத்தில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிமருந்து ஆலை இருந்தது. 1969-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அவ்வாலையின் மதிலுக்கு வெகு அருகிலேயே ஏழை எளியோரின் குடியிருப்புகள் நெருங்கி அமைந்திருந்தன. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று அங்கு வாழ்ந்தோரைக் கேட்டால், பயிருக்கு மருந்து செய்கிறார்கள் என்பர். மருந்து என்ற சொல்லுக்கு அஞ்சுவார் யார்?

செவின் என்பது அம்மருந்தின் பெயர். அதனைச் செய்வதற்கு இடைப்பொருளாகப் பயன்பட்டது மெத்தில் ஐசோசயனேட் என்னும் திரவம். 39 டிகிரி வெப்பத்திலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஆதலின் மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தரையாகத் தவழும். நீர் கலந்தால் கடும் வெப்பம் உண்டாகும். கண்ணையும் நுரையீரலையும் அது அரித்துவிடும். இத்தகைய பொருளை அவ்வப்போது வேண்டிய அளவே செய்து உடனுக்குடன் செலவிட்டுவிடலாம்; அதன் துணையின்றியே செவினைச் செய்யும் வேறு முறையும் உண்டு. போபாலிலோ அதனை டன் கணக்கில் தொட்டிகளில் சேர்த்து வைத்திருந்தனர். நஞ்சைத் தேவைக்கு மேல் சேர்த்து வைக்காதிருப்பதே ஆலைக் காப்பில் முதலாவது என்பேன். ஏனைய சாதனங்கள் யாவும் அதற்கு அடுத்த படியில் நிற்பவை.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, 610 என்னும் எண்ணுள்ள தொட்டியில் ஏறத்தாழ 40 டன் திரவம் இருந்தது. அதனுள் நீர் புகுந்தது. குழாய்களைக் கழுவியபோது புகுந்ததா, வேறு வழியாகவா என்பதில் பெரும் வாதப் பிரதிவாதங்கள் நிகழ்ந்துள்ளன. நீர் புகுந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை. ஆனால் அவ்வாதத்தைவிட முக்கியமானது வேறொன்று. ஒரு தவறு நேர்ந்தால் அதனைத் தாங்கிக்கொள்வதற்கென்றே அமைக்கப்பட்டிருந்த காப்புகள் அன்றிரவு எந்நிலையில் இருந்தன?

தொட்டியிலுள்ள திரவத்தைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்கும் சாதனம் ஒன்று இருந்தது. அது ஆறு மாதங்களுக்கு முன்பே, 1984 ஜூன் மாதத்தில், நிறுத்தப்பட்டுவிட்டது. வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவி நஞ்சகற்றும் கோபுரம் இயங்காத நிலையில் இருந்தது. இயங்கியிருந்தாலும் அவ்வளவு பெரிய பெருக்கை அது தாங்கியிராது. மிஞ்சியதை உயரத்தில் எரித்துவிடும் மற்றொரு கோபுரத்திற்குச் செல்லும் குழாயில் ஒரு துண்டு பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஆபத்துக் காலத்தில் திரவத்தை மாற்றிக்கொள்ள வெறுமையாக வைத்திருக்கவேண்டிய தொட்டியும் வெறுமையாக இல்லை. இறுதியாக நீர்த்தாரையைப் பாய்ச்சிப் பார்த்தனர். வாயு வெளியேறியதோ ஏறத்தாழ 33 மீட்டர் உயரத்தில்; தாரை அதில் பாதியளவைக்கூட எட்டவில்லை. மருந்து விற்பனை குறைந்து, ஆலை நஷ்டத்தில் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆட்குறைப்பும் செலவுக் குறைப்பும் அங்கு நடந்தவண்ணம் இருந்தன. ஒவ்வொரு சிக்கனமும் தனித்தனியே பார்க்குங்கால் சிறியதாகவே தோன்றியிருக்கும்.

இனி மதிலுக்கு அப்பால் நிகழ்ந்ததைக் காண்போம். நள்ளிரவு கடந்து வாயு பீறிட்டபோது ஆலைச் சங்கு ஒலித்தது. வெளியிலுள்ளோர்க்குக் கேட்கும் அச்சங்கு சில நிமிஷங்களில் நிறுத்தப்பட்டது. அயலாரைக் கலவரப்படுத்தலாகாது என்பது ஆலையின் வழக்கம். அது மீண்டும் முழங்கியபோது மணி ஏறத்தாழ இரண்டு. அதற்குள் மெல்லிய காற்று வாயுவைத் தெற்கே, உறங்கிக்கொண்டிருந்த பழைய நகரத்தின் மீது, தள்ளிக்கொண்டு சென்றுவிட்டது. மிளகாய் வற்றலை நெருப்பிலிட்டாற்போன்ற எரிச்சலோடு விழித்தெழுந்தவர்கள் தெருவில் இறங்கி ஓடினர். பலர் காற்று சென்ற திசையிலேயே ஓடினர். ஓட ஓட மூச்சு ஆழமாயிற்று. ஆழ்ந்த மூச்சு நஞ்சையும் ஆழமாக இழுத்தது. முகத்தை நனைந்த துணியால் மூடிக்கொண்டு, காற்றின் போக்கிற்குக் குறுக்காக நகர்ந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும் என்று பின்னர் அறிந்தோர் கூறினர். ஈரத்துணி எந்தக் குடிசையில் இல்லை? அவர்களுக்கு அதை எவரும் சொல்லி வைக்கவில்லை என்பதுதான் செய்தி. ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்த ஹமீதியா மருத்துவமனை வைத்தியர்களுக்கும் வந்தது இன்ன வாயு, அதற்கு இன்ன சிகிச்சை என்று தெரியவில்லை. ரயில் நிலையத்து ஊழியர்கள் மட்டும், தாம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நிலையிலும், அண்டை நிலையங்களுக்குச் செய்தியனுப்பி வண்டிகளை நிறுத்தச் செய்தனர். நம்மைப் போன்ற வழிப்போக்கர் பலர் அவர்களால் உயிர் தப்பினர்.

மாநில அரசின் கணக்குப்படி வாயுவால் மாண்டவர் 3,787 பேர். ஏனைய மதிப்பீடுகள் இதனினும் பன்மடங்கு மிகுதி. ஊறுபட்டோர் ஐந்தரை இலட்சத்திற்கும் மேல்.

முன்னறிவிப்பே இல்லாத இடி என்று இதனைக் கூறுதல் இயலாது. 1981 டிசம்பரில் அவ்வாலையில் பாஸ்ஜீன் என்னும் வாயு தாக்கித் தொழிலாளி ஒருவர் இறந்தார். 1982-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வுக் குழுவினர் குறைகளை எழுதிக் கொடுத்தனர். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் அதே ஆண்டு தம் சிறு வாரப் பத்திரிகையில் நகரத்தை எச்சரித்து எழுதினார், 1984-லும் எழுதினார். கேட்பார் இல்லை. ஆலையின் இயக்க நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தொழிலாளரில் பலர் ஹிந்தி மட்டுமே அறிந்தவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலால் இந்தச் செய்தி என்னைப் பிறரினும் சற்று அதிகமாகவே உறுத்துகிறது.

ஓராண்டு கழிந்து, 1985 டிசம்பர் 4-ஆம் தேதி, தலைநகராகிய தில்லியிலேயே ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. ஓலியம் என்பது கடுமை மிக்க கந்தக அமிலம். அதன் தொட்டியைத் தாங்கியிருந்த கட்டுமானம் சரிந்து விழுந்தது. எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் அவ்வாலையைக் குறித்து ஏற்கெனவே உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தார். அவ்வழக்கில் 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி அவர்கள் அளித்த தீர்ப்பு, ஆபத்தான தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் தீங்கிற்கு எவ்விதச் சாக்குமின்றி முழுப் பொறுப்பாளர் என்று விதித்தது. 1868-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலச் சட்டத்தில் வழங்கிவந்த விதிவிலக்குகள் இங்கே செல்லா என்றது. சட்டம் பயில்வோர் இத்தீர்ப்பைப் போற்றுவர். எனக்கோ அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1986 பிப்ரவரியில், ஆலையின் குளோரின் பகுதியைத் திரும்பத் திறக்க அனுமதித்தபோது அதே நீதிமன்றம் இட்ட நிபந்தனைகளே மனத்தில் நிற்கின்றன. குளோரின் உடலை எவ்வாறு தாக்கும், உடனே என்ன சிகிச்சை செய்யவேண்டும் என்பதை விளக்கும் அட்டவணையை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எழுதி ஒவ்வொரு பகுதியிலும், வாயிலிலும் வைக்கவேண்டும். சுற்றிலும் ஒலிபெருக்கிகள் அமைத்து அயலார்க்கு எச்சரிக்கையும் அறிவுரையும் தரவேண்டும். போபாலில் மதிலுக்கு வெளியே இல்லாமற்போனவை இவையே.

பின்னர் சட்டங்கள் விரைந்து வந்தன. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்திற்குத் திருத்தம். ஆபத்துகளைத் தொழிலாளர்க்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்துப் பொதுமக்களுக்கும் அறிவிக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. உடனடி ஆபத்தைக் கண்ட தொழிலாளி அதனை எடுத்துரைக்கும் உரிமையையும் வழங்கியது. 1989-ல் பிறந்த விதிகளின்படி ஆலைக்குள் மேற்கொள்ளவேண்டிய அவசரத் திட்டத்தை ஆலையாரும், ஆலைக்கு வெளியே மேற்கொள்ளவேண்டியதை மாவட்ட அதிகாரிகளும் வகுத்து, ஒத்திகையும் நடத்தவேண்டும். 1991-ன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், பிழை யாருடையது என்று நிரூபிக்கும்வரை காத்திராமல் நிவாரணம் கிடைக்க வழி செய்தது.

ஏட்டில் இவ்வளவும் இருந்தும், 2020 மே 7-ஆம் தேதி விடியற்காலையில் விசாகப்பட்டினத்து எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளிப்பட்டு வெங்கடாபுரத்தில் புகுந்தது. பன்னிரண்டு பேர் மாண்டனர். ஊரடங்கினால் பல வாரங்கள் கிடந்த திரவம் தொட்டிக்குள்ளேயே சூடேறியிருந்தது. அங்கும் சங்கு ஊதப்படவில்லை என்று அரசின் உயர்மட்டக் குழு கண்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதே சூடு, அதே மௌனம்.

சில ஆண்டுகளுக்கு முன், மேற்கிலுள்ள ஒரு தொழிற்பேட்டைக்காகச் சிறு துண்டறிக்கையொன்று தமிழாக்கத்திற்கு என்னிடம் வந்தது. அங்கே நம்மவர் பலர் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவ்வூர் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் அவர்களில் மிகுதி. மூலத்தில் இருந்த கடின நடையை ஒதுக்கிவிட்டு இவ்வாறு எழுதினேன்: சங்கு ஒலித்தால் வீட்டிற்குள் செல்லுங்கள். கதவு, சன்னல்களை மூடி, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணியுங்கள். மின்விசிறியையும் அடுப்பையும் அணையுங்கள். வெளியேறுமாறு அறிவித்தால் மரக்கிளையோ கொடியோ அசைவதைப் பார்த்துக் காற்றின் திசையை அறிந்துகொள்ளுங்கள். அதற்குக் குறுக்காக நடந்து மேட்டுப்பாங்கான இடத்தை அடையுங்கள். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஓடவேண்டாம்.

மேலதிகாரி ஒருவர் இது மிகவும் எளிய தமிழாக இருக்கிறதே என்றார். நான் அதை மாற்றவில்லை. அறிக்கையின் கடைசி வரியில், அவசரத்தில் அழைக்கவேண்டிய தொலைபேசி எண்ணுக்கு வெறும் கோடு மட்டும் இடப்பட்டிருந்தது. எண் யாது என்று கேட்டு எழுதினேன். பதினொரு நாள் கழித்து அது வந்தது. அதன் பிறகே அறிக்கை அச்சுக்குச் சென்றது.