புள்ளி யாருக்குச் சாட்சி? – லாரி, ஜிபிஎஸ், டிரைவர்

சிவகிரி மெயின் ரோட்டில் நின்றால் ராத்திரி முழுக்க லாரிச் சத்தம்தான். திருமங்கலத்தில் தொடங்கி ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 எங்கள் ஊருக்குள்ளேதான் போகிறது. புளியங்குடி எலுமிச்சை, காய்கறி, எம்-சாண்ட் எல்லாம் புளியரையைத் தாண்டி, ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளா போகும்.

போன முறை ஊருக்குப் போனபோது டீக்கடையில் பழக்கமான டிரைவர் அண்ணாச்சி ஒருத்தர் கேட்டார்: "தம்பி, ஒங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, ஜிபிஎஸ் பொய் சொல்லுமா?"

விஷயம் இதுதான். மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் வண்டியைச் சும்மா போட்டிருந்தார் என்று சொல்லி ஓனர் பேட்டாவைப் பிடித்துவிட்டார். "நான் நிக்கவே இல்ல. போன்ல ஒரு புள்ளியக் காட்டி, இங்கதான நின்னீருங்காரு. புள்ளிகிட்ட நான் என்னத்தப் பேச?"

என் தொழில் மென்பொருள் என்பதால் முதலில் புள்ளியைப் பற்றியே யோசித்தேன். வண்டியில் இருக்கும் கருவிக்கு இரண்டு வேலை. செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி இடத்தைக் கணக்குப் போடுவது ஒன்று. அதைச் சிம் கார்டு மூலமாக சர்வருக்கு அனுப்புவது இன்னொன்று. மலையில் இரண்டுமே தடுமாறலாம். டவர் இல்லாத இடத்தில் நல்ல கருவி தகவலைச் சேர்த்து வைத்து, டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். அப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு நேரம் உண்டு: எடுத்த நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். ரிப்போர்ட் எழுதியவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டால், ஓடிக்கொண்டிருந்த லாரி நின்ற மாதிரி தெரியும். இன்னொரு குழப்பமும் உண்டு. ஜிபிஎஸ் தருவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மாற்ற மறந்தால் காலை எட்டு மணி அதிகாலை இரண்டரையாகிவிடும். ஜிபிஎஸ் சரியாகச் சொல்லியிருக்கும், ரிப்போர்ட் தப்பாகச் சொல்லும்.

அண்ணாச்சி விஷயத்தில் இதில் எது நடந்தது? மூலத் தகவலைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அது ஓனரிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது இதனால்தான்.

இந்தச் சண்டை ஜிபிஎஸ்ஸை விடப் பழையது. 1970-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் லாரிகளில் டாக்கோகிராஃப் பொருத்த விதி கொண்டுவந்தது. வட்டமான காகிதத் தட்டில் வேகம், ஓடிய நேரம், ஓய்வு நேரம் எல்லாவற்றையும் கோடாகக் கீறும் கருவி அது. டிரைவரைத் தூங்கவிடாமல் ஓட்டச் சொல்வதைத் தடுப்பது நோக்கம். ஆனால் பிரிட்டனில் தொழிற்சங்கத்தினர் அதைக் 'கேபினுக்குள் ஒரு உளவாளி' என்றார்கள். பிரிட்டிஷ் அரசும் கட்டாயமாக்காமல் இழுத்தடித்து, 1979-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றது. உளவாளி உள்ளே வந்துவிட்டான். ஆனால் 1985-ஆம் ஆண்டு விதியில் ஒரு வரி இருந்தது: நிறுவனம் அந்தத் தட்டுகளைக் குறைந்தது ஒரு வருஷம் பத்திரமாக வைக்கணும், டிரைவர் கேட்டால் நகல் தரணும். அந்த ஒரு வரியால் உளவாளி டிரைவருக்கும் சாட்சி சொல்ல முடிந்தது.

அமெரிக்காவிலும் இதே கதை. மின்னணுப் பதிவுக் கருவி பற்றிய விதியை, சொந்த லாரி ஓட்டுகிறவர்களின் சங்கம் எதிர்த்தது. டிரைவர்களைத் தொந்தரவு செய்ய இக்கருவி பயன்படாமல் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2015-ல் புது விதி வந்தது. அதிலும் தனியுரிமை வழக்கு போட்டு 2016-ல் டிரைவர்கள் தோற்றார்கள். 2017 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் முந்தைய தோல்வி அரசுக்குப் பாடம் சொல்லியிருந்தது. டிரைவர் தன் பதிவைத் தானே எடுத்துக்கொள்ளலாம். வேலை நேரத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை பதிவார்கள். சொந்த வேலையாக வண்டியை ஓட்டும்போது ஒரு இலக்கம்தான். ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே முதலாவது ஏறக்குறைய 1 கிலோமீட்டர் துல்லியம், இரண்டாவது 11 கிலோமீட்டர். ஒரு இலக்கத்தை அழித்து ஒரு மனுஷனுக்குத் தனிமை கொடுத்திருக்கிறார்கள்! ஓனர் தனியாக வேறு கருவி மாட்டினால் இது தடுக்காது என்பதும் உண்மை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்கள் வரம்புக்கு வெளியே. டிரைவரின் நேரத்துக்குச் சாட்சி, அவர் கையால் எழுதிய டிரிப் ஷீட்தான்.

2000-ஆம் ஆண்டில் இரண்டு காரியம் நடந்தது. மே மாதம் அமெரிக்கா, பொதுமக்கள் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை நீக்கியது. அக்டோபரில் நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்து, 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 65-பி பிரிவைச் சேர்த்தது. ஒரே வருஷத்தில் புள்ளியும் துல்லியமானது, அதைக் கோர்ட்டில் நீட்டவும் வழி பிறந்தது.

அந்த வழி நேராகப் போகவில்லை. மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2005-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2014-ல் அன்வர் வழக்கில் கட்டாயம் என்றது. 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதை உறுதிசெய்து, சான்றிதழ் கிடைக்காதவர் கோர்ட் மூலம் வரவழைக்கலாம் என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பைப் பிறகு யாரும் மாற்றவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும். முதலில் எழுதியதே சரியா என்று சொல்லாது. ஸ்டியரிங்கில் யார் இருந்தார் என்றும் சொல்லாது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலை 8-ல் ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில், போதைப்பொருள் வழக்கில் ஜாமீனில் இருப்பவர் கூகுள் மேப்பில் தன் இடத்தைக் காட்டணும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஜாமீனில் வந்தவரை எந்நேரமும் கண்காணிக்கும்படி நிபந்தனை போடக்கூடாது என்றது.

ஒரு குற்றச்சாட்டும் இல்லாத டிரைவரின் புள்ளி மட்டும் 24 மணி நேரமும் ஓடுகிறது. அது அரசு, இது தனியார் முதலாளி, வண்டியும் சரக்கும் அவருடையது என்பது நியாயமான பதில்தான். ஆனால் தொலைதூர டிரைவருக்கு கேபின்தான் வீடு. அவர் எங்கே தூங்கினார், எந்தக் கோவிலில் இறங்கினார், எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றார் எல்லாம் அந்தப் புள்ளியில் இருக்கிறது.

2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, வேலை சம்பந்தமான தேவைக்குத் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்தலாம் என்கிறது. 11-ஆவது பிரிவு, தன் தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைச் சம்மதம் கொடுத்தவருக்கே தருகிறது. சேர்த்துப் படித்தால் வருவது: சம்மதம் கேட்கப்படாதவருக்குப் பார்க்கும் உரிமையும் இல்லை. கோர்ட்டுக்குப் போய் வரவழைக்கலாம்தான். ஒரு நாள் பேட்டாவுக்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? ஃபாஸ்டாக் மெசேஜ்கூட ஓனர் போனுக்குத்தானே போகிறது.

கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதே பதிவு, பதினாறு மணி நேரம் ஓட்டினேன் என்பதற்கும், விபத்து நடந்த இடத்தில் நான் இல்லை என்பதற்கும் சாட்சியாகலாம். அதற்கு 1985-ல் ஐரோப்பாக்காரன் எழுதிய அந்த ஒரு வரி இங்கேயும் வேண்டும்: கேட்டால் நகல் தரணும்.

அதுவரைக்கும் டீசல் பில்லைப் பத்திரமா வையுங்க, புளியரை தாண்டுகிற நேரத்தை நோட்டில் குறிங்க என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அப்போ பழைய டிரிப் ஷீட்டையே எழுதச் சொல்லுதீயளா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?