பல் டாக்டர், மாவு மில்லுக்காரர், பால்காரர் மகன்: ஸ்னோ ப்ளோயர் பிறந்த கதை

சுத்துற சக்கரத்தால பனியை அள்ளி வீசுற எந்திரத்துக்கு முதல்ல காப்புரிமை வாங்கினவர் யாரா இருக்கும்? ரயில்வே இன்ஜினியர்னு தான் நானும் நினைச்சேன். இல்லை மக்களே, பல் டாக்டர்! டொரோண்டோ நகரத்துல பல் பிடுங்கிட்டு இருந்த ஜே. டபிள்யூ. எலியட் 1869ல அதை வாங்கியிருக்கார். நம்மாளு பல்லுல குடைஞ்ச நேரம் போக மீதி நேரத்துல பனியைக் குடையறதைப் பத்தி யோசிச்சிருக்கார் போல :-)

நான் பொட்டி தட்டற மின்னசோட்டாவுல நவம்பர் வந்தா மதிய சாப்பாட்டு மேசையில ஒரே பேச்சுதான். "எந்த ஸ்னோ ப்ளோயர் வாங்கலாம்? எத்தனை அங்குலம்? பெட்ரோலா, பேட்டரியா?" நான் இருக்கறது வாடகை வீடு. பனி அள்ள வேண்டியது குடியிருக்கறவர் பொறுப்புன்னு ஒப்பந்தத்துலயே எழுதி கையெழுத்து வாங்கிட்டாங்க. ஆக எனக்கும் அந்தப் பேச்சுல பங்கு உண்டு. எல்லாரும் குதிரைத்திறனைப் பத்திதான் பேசறாங்க, இந்த எந்திரம் எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் கேட்கறதில்லை. ஆணி குறைவா இருந்த ஒரு வாரத்துல கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தோண்டத் தோண்ட ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சு. இது பனியில பிறந்த எந்திரமே இல்லை, தானியத்துல பிறந்தது. அதோட பலமும் அங்கிருந்து வந்ததுதான், ஆபத்தும் அங்கிருந்து வந்ததுதான்.

பனி எதிரி ஆனது எப்போ?

வட அமெரிக்காவுல பனி எல்லாக் காலத்துலயும் எதிரியா இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டுல குளிர்காலம் வந்தா குதிரை வண்டியை ஓரம் கட்டிட்டு சறுக்கு வண்டிக்கு மாறிடுவாங்க. அதுக்கு பனிதான் ரோடே! பனியை யாரும் அள்ளிப் போடல. பெரிய மர உருளையைக் குதிரைகளை வச்சு இழுத்து, பனியை அமுக்கி கெட்டிப்படுத்தினாங்க. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, கூரை போட்ட மரப்பாலங்களுக்குள்ள பனி விழாது, அங்கே சறுக்கு வண்டி ஓடாது. அதனால வெளியில கிடக்கற பனியை அள்ளி பாலத்துக்குள்ள கொட்டறதுக்கு ஆள் வச்சு கூலி கொடுத்திருக்காங்க. இன்னைக்கு முதுகு ஒடிய பனி அள்ளுறவங்க கிட்ட இதைச் சொன்னா அடிக்க வருவாங்க.

ரயில் வந்த பிறகுதான் வினை ஆரம்பிச்சது. தண்டவாளத்து மேல பனியை அமுக்கி வச்சா ரயில் ஓடாது, அள்ளியே ஆகணும். அந்தக் காலத்துல கலப்பை மாதிரி ஆப்பு வடிவத்துல ஒரு இரும்பை முன்னால மாட்டி, பின்னால ரெண்டு மூணு இன்ஜினை வச்சு முட்டித் தள்ளுவாங்க. கொஞ்ச பனின்னா ரெண்டு பக்கமும் ஒதுங்கிடும். மலைப் பள்ளத்துல ஆள் உயரத்துக்கு நிக்கிற பனி எங்கே ஒதுங்கும்? மாட்டிக்கும். தள்ளுனா போதாது, அள்ளி தூரமா வீசணும். எலியட் டாக்டர் யோசிச்சது இதைத்தான். ஆனா அவரோட எந்திரம் காகிதத்தோட நின்னுடுச்சு.

மாவு மில்லுல இருந்து தண்டவாளத்துக்கு

அடுத்து வந்தவர் ஆரஞ்ச் ஜல். அதான் பேரே! கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து ஆரஞ்ச்வில் ஊர்ல மாவு மில் வச்சிருந்தவர். எலியட்டோட யோசனையை 1880களின் தொடக்கத்துல எடுத்து மாத்தினார். முன்னால பனியை வெட்டுற ஒரு சக்கரம், அதுக்குப் பின்னால பனியை வெளியே வீசுற ஒரு விசிறி. அதே ஊர் லெஸ்லி சகோதரர்கள் இதை செஞ்சு காட்ட, 1883-84 குளிர்காலத்துல கனடியன் பசிபிக் ரயில்வே சோதிச்சுப் பார்த்தது. அப்புறம் அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்து பேட்டர்சன் நகர்ல இருந்த குக் லோகோமோட்டிவ் தொழிற்சாலையில வரிசையா தயாராக ஆரம்பிச்சுது.

இந்த வண்டிக்குள்ள ஒரு பெரிய நீராவி இன்ஜின் இருக்கும், ஆனா அது வண்டியை நகர்த்தாது. முன்னால இருக்கற சக்கரத்தை சுத்தறது மட்டும்தான் அதோட வேலை. நகர்த்தறதுக்கு பின்னாலிருந்து வேற இன்ஜின்கள் தள்ளணும். பனியைத் தின்ன ஒரு சக்தி, முன்னேற வேற ஒரு சக்தி.

இவ்வளவு பெரிய எந்திரமும் சில சமயம் தோத்துப் போயிருக்கு. 1952 ஜனவரி 13ஆம் தேதி கலிஃபோர்னியாவோட சியரா நெவாடா மலையில சிட்டி ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோங்கற ரயில் 226 பேரோட பனியில சிக்கிச்சு. மீட்கப் போன பனி எந்திரங்களும் அங்கேயே உறைஞ்சு நின்னுடுச்சு. மூணு நாள் கழிச்சுத்தான் பயணிகளை வெளியே கொண்டு வர முடிஞ்சுது.

கதிரடிக்கும் எந்திரம் பார்த்த பையன்

ரயில் கதை ஒரு பக்கம். ரோட்டுக்கு இந்த எந்திரத்தைக் கொண்டு வந்தவர் ஆர்தர் சிகார்டு. 1876ல கியூபெக் மாகாணத்துல, மான்ட்ரியல் பக்கத்து செயிண்ட் லெனார்டுல பிறந்தவர். பால் வியாபாரம் செஞ்ச குடும்பம். பனி விழுந்து ரோடு அடைபட்டா பால் ஊருக்குள்ள போகாது, கெட்டுப் போகும், அன்னைக்கு வருமானம் அவ்வளவுதான். 1894ல, பதினெட்டு வயசுல, அக்கம்பக்கத்து வயல்ல கோதுமைக் கதிரடிக்கும் எந்திரம் ஓடறதைப் பார்த்திருக்கார். திருகு மாதிரி சுத்துற உலோகம் கதிரை உள்ளே இழுக்குது, காத்து பதரையும் வைக்கோலையும் ஒரு குழாய் வழியா தூர வீசுது. அந்த இடத்துல பனியை வச்சா?

நம்ம களத்துல முறத்தை வச்சு காத்துல தூத்தறது இருக்கே, அதே வேலைதான். நெல்லு ஒரு பக்கம், பதர் ஒரு பக்கம். சிகார்டுக்கு பிரிக்கற வேலை கூட இல்லை, எல்லாத்தையும் பதரா நினைச்சு வீசினாப் போதும் :-)

யோசனை வந்தது 1894ல, எந்திரம் ஓடினது 1925ல. 31 வருஷம்! நடுவுல பெட்ரோல் இன்ஜினும் லாரியும் வரவேண்டியிருந்தது. லாரி மேல தனி இன்ஜின் வச்சு, பனியை 30 மீட்டர் தூரத்துக்கு வீசவோ இல்லை பக்கத்துல வர்ற லாரியில நேரா கொட்டவோ முடியற மாதிரி செஞ்சார். 1927ல மான்ட்ரியலை ஒட்டியிருந்த ஊட்ரமோன்ட் நகராட்சி முதல் வண்டியை வாங்கிச்சு. லாரியில கொட்டறதுங்கறது சின்ன விஷயம் இல்லை. மான்ட்ரியல்ல இன்னைக்கும் ஒரு குளிர்காலத்துக்கு சராசரியா 3 லட்சம் லாரி லோடு பனியை அள்ளிட்டுப் போய் பழைய கல்குவாரி மாதிரி இடங்கள்ல கொட்டறாங்க. பனி மறையறது இல்லை, இடம்தான் மாறுது.

வீட்டு வாசலுக்கு வந்த கதை

ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச பிறகு அமெரிக்கர்கள் நகரத்தை விட்டு புறநகருக்குக் குடி போனாங்க. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு கார், காரை விட ஒரு கராஜ், கராஜுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு டிரைவ்வே. ரயில் பாதைக்கு கம்பெனி பொறுப்பு, ரோட்டுக்கு நகராட்சி பொறுப்பு, டிரைவ்வேக்கு யாரு? நீங்கதான்! வாசல் நடைபாதையும் உங்க தலையிலதான். மினியாபொலிஸ்ல பனி நின்ன 24 மணி நேரத்துக்குள்ள வீட்டுக்காரங்க நடைபாதையை சுத்தம் பண்ணியாகணும்னு விதியே இருக்கு.

எவ்வளவு பனின்னு ஒரு கணக்கு போடுவோம். 15 மீட்டர் நீளம், ரெண்டு கார் நிக்கிற 5.5 மீட்டர் அகலம், 30 செ.மீ. பனி. கிட்டத்தட்ட 25 கன மீட்டர். ஒரு கன மீட்டர் பொடிப்பனி 100 கிலோன்னு வச்சாக்கூட ரெண்டரை டன். ஈரப்பனின்னா இதுல ரெண்டு மடங்கு. மண்வாரியை வச்சு அஞ்சு டன்! அதுவும் போதாதுன்னு, நாம சுத்தம் பண்ணி முடிச்ச நேரம் பார்த்து நகராட்சி வண்டி ரோட்டைச் சுத்தம் பண்ணிட்டுப் போகும். அது ஒதுக்கின கெட்டிப்பனி முழுக்க நம்ம வாசல்ல வரப்பு மாதிரி நிக்கும். அவங்க வேலை முடிஞ்சது, நம்ம வேலை ஆரம்பம்.

இந்தச் சந்தைக்குத்தான் 1950களின் தொடக்கத்துல மினியாபொலிஸ் கம்பெனி டோரோ, ஆள் பின்னால நடந்து ஓட்டுற சின்ன எந்திரத்தோட வந்தது. 1960ல விஸ்கான்சின் மாநிலத்து பிரில்லியன் ஊர்ல இருந்து ஏரியன்ஸ் வந்தது. ஏரியன்ஸ் அதுக்கு முன்னால என்ன செஞ்சுட்டு இருந்தாங்க தெரியுமா? 1933ல இருந்து மண்ணைக் கிளறி உழுகிற ரோட்டரி டில்லர்! மாவு மில், கதிரடிக்கும் எந்திரம், இப்போ உழவு எந்திரம். மூணு தடவையும் விவசாயத்துல இருந்துதான் ஆள் வந்திருக்காங்க.

வியாபாரமும் விவசாயம் மாதிரியே ஆகிப் போச்சு. வானம் பார்த்த பூமிங்கற மாதிரி இது வானம் பார்த்த வியாபாரம். 1970களின் கடைசியில பனி கொட்டித் தீர்த்ததை நம்பி டோரோ ஏகப்பட்ட எந்திரங்களை செஞ்சு குவிச்சாங்க. அடுத்த ரெண்டு குளிர்காலம் பனி ஏமாத்திடுச்சு. கம்பெனி கிட்டத்தட்ட மூழ்கற நிலைமை. அப்புறம் 1983ல ஒரு திட்டம் போட்டாங்க: இந்த சீசன்ல சராசரியில 20 சதவீதத்துக்கும் குறைவா பனி விழுந்தா, கொடுத்த பணம் முழுக்கத் திரும்ப, எந்திரமும் உங்களுக்கே. பயிர்க் காப்பீடேதான்!

இழுக்கிற எந்திரம்

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கதிரடிக்கும் எந்திரத்தோட பலமே உள்ளே இழுக்கறதுதான். கதிரை இழுக்கும், கையையும் இழுக்கும். பசுமைப் புரட்சிக் காலத்துல வட இந்தியாவுல கோதுமைக்கு மோட்டார் வச்ச கதிரடிக்கும் எந்திரம் பரவினப்போ எத்தனையோ கூலிக்காரங்க கை போச்சு. கடைசியில பாராளுமன்றம் 1983ல அபாயகரமான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்னு ஒண்ணைக் கொண்டு வர வேண்டி வந்தது. அந்தச் சட்டம் குறி வச்சதே இந்த எந்திரத்தைத்தான்.

சிகார்டு அந்த எந்திரத்தைப் பார்த்துத்தான் இதைச் செஞ்சார்னு சொன்னேன் இல்லையா? குணமும் கூடவே வந்துடுச்சு. அமெரிக்காவுல வருஷா வருஷம் ஆயிரக்கணக்கானவங்க ஸ்னோ ப்ளோயர் காயத்தோட மருத்துவமனைக்குப் போறாங்க. பெரும்பாலும் கதை ஒரே மாதிரிதான். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், பனி ஈரமா கனமா இருக்கும், வீசுற குழாய்ல போய் அடைச்சுக்கும். மனுஷன் எந்திரத்தை நிறுத்திட்டு கையை விட்டு நோண்டுவார். நிறுத்தியாச்சே, என்ன ஆகும்? இங்கேதான் சூட்சுமம். அடைச்சு நிக்கிற விசிறியில முறுக்கு மிச்சம் இருக்கலாம். பனியை எடுத்த உடனே ஒரு கால் சுத்து சுத்தும். விரலுக்கு அந்தக் கால் சுத்து போதும்.

கைப்பிடியை விட்டா ஆகர் நிக்கிற மாதிரி லீவர் இப்போ எல்லா எந்திரத்துலயும் இருக்கு. அது ஓடற எந்திரத்தை நிறுத்தும், மிச்ச முறுக்கை எடுக்காது. ஆகர்ல கல்லு மாட்டினா உடையறதுக்குன்னே ஷியர் பின்னுன்னு ஒரு வலு குறைஞ்ச ஆணி வச்சிருக்காங்க. வீட்டு ஃப்யூஸ் மாதிரி, ஆணி போய் கியரைக் காப்பாத்தும். ஆனா அது எந்திரத்தைக் காப்பாத்த வச்ச ஆணி. நம்ம கையைக் காப்பாத்த அவங்க கொடுக்கறது ஒரு பிளாஸ்டிக் குச்சி! பல பேர் அதை எந்திரத்து மேல மாட்டினபடியே, ஒரு தடவை கூட கையில எடுக்காம வச்சிருக்காங்க.

அப்போ எதை வாங்கறது?

மேசைப் பேச்சுக்கு என் பதில் இதுதான். ஆகரே அள்ளி ஆகரே வீசினா சிங்கிள் ஸ்டேஜ். 15, 20 செ.மீ. பனிக்கும் சின்ன வாசலுக்கும் அது தாராளம். ஆனா அதோட ரப்பர் துடுப்பு தரையைத் தொட்டுக்கிட்டே போகும், ஜல்லி போட்ட டிரைவ்வேல ஓட்டினா ஜல்லியும் பறக்கும். ஆகர் அள்ளிக் கொடுக்க, பின்னால இருக்கற விசிறி வீசினா டூ ஸ்டேஜ். நம்ம மாவு மில்லுக்காரர் 1880கள்ல யோசிச்ச அதே ரெண்டு கட்டம். இதோட அடிப்பாகத்தைத் தரையில இருந்து கொஞ்சம் உயர்த்திக்கலாம். நீளமான வாசல், ஜல்லி, நகராட்சி வண்டி விட்டுட்டுப் போற வரப்பு, இதுல எது இருந்தாலும் டூ ஸ்டேஜ்தான் சரி. ஷியர் பின் உடைஞ்சா அந்த எந்திரத்துக்குன்னு விக்கிறதையே போடுங்க. கைக்குக் கிடைச்ச கெட்டி போல்ட்டைப் போட்டா அடுத்த தடவை உடையறது கியர்பாக்ஸ்.

எல்லாத்துக்கும் மேல அந்தக் குச்சி. அடைச்சா சாவியை எடுங்க, விசிறி நிக்கிற வரைக்கும் பொறுங்க, அப்புறமும் குச்சியாலதான் குத்துங்க. கதிரடிக்கிற களத்துல கை போனவருக்கு அன்னைக்கு யாரும் குச்சி கொடுக்கல. நமக்குக் கொடுத்திருக்காங்க.

டிஸ்கி: குளிருதேன்னு பெட்ரோல் எந்திரத்தைக் கராஜுக்குள்ள வச்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க. கதவு திறந்திருந்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.