துளைகள் குறையக் குறைய வெளியே வந்த ஒலிப்பெட்டி

நற்பிட்டிமுனையில எங்கட கூட்டத்தில் ஒருத்தரின் மூத்தம்மா கவி படிப்பா. கேட்டா போதும், ஒன்றன்பின் ஒன்றாக வரும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் இப்படியான கவிகளை எழுத்தில் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். ஆனா அவ இழுத்துப் படிக்கிற ராகம் எழுத்துக்குள்ள வராது. பதிவு செய்வோம் எண்டு எங்கட பழைய லெப்டொப்பில மைக்கைச் செருகினோம். கவிக்கு முதல் இரைச்சல்தான் கேட்டது.

மைக்கின் ஒலியை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் ஓடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று தேவைப்பட்டது. தேடப் போய் அதன் வரலாற்றுக்குள்ள விழுந்திட்டோம்.

தொடக்கத்தில் ஐபிஎம் பிசிக்கு 'பீப்' மட்டும்தான் தெரியும். 1987இல் கனடாவின் அட்லிப், 1989இல் சிங்கப்பூர் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர். இரண்டும் கணினியைத் திறந்து உள்ளே செருகும் அட்டைகள். பிறகு வந்த ஸ்டூடியோ அட்டைகளும் அப்படித்தான். லெப்டொப்புக்குள்ள அதுக்கு இடமேது? பக்கவாட்டில் பிசிஎம்சிஐஏ துளை வந்தது, அடுத்து எக்ஸ்பிரஸ்கார்ட் வந்தது, இரண்டும் போனது. ஃபயர்வயர் துளையை நம்பி 2001இல் மோட்டு 828 பெட்டி வந்தது. இப்ப புது லெப்டொப்பில ஃபயர்வயரும் இல்லை.

மிஞ்சினது யூஎஸ்பி. அது போதுமா எண்டு கணக்குப் பார்த்தோம். செக்கனுக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட், இரண்டு மைக்: ஏறத்தாழ 2.3 மெகாபிட். யூஎஸ்பி 2.0இன் உச்சவேகம் 480. எங்கட வேலைக்கு விலைகூடின தண்டர்போல்ட் எதுக்கு?

சிக்கல் டிரைவரில்தான். யூஎஸ்பி ஒலிக்கான பொது விதி 1998இலேயே வந்திட்டு. இரண்டாம் பதிப்பை விண்டோஸ் தானாகவே ஏற்றது 2017இல். அதுக்கு முந்தின விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பெட்டி செய்த கம்பனியின் டிரைவர் தங்கட பதிப்புக்கு இருக்கா எண்டு வாங்க முதலே பார்க்க வேணும். லினக்ஸ் போட்டால் இந்தத் தலையிடி குறைவு. நாங்கள் போட்டோம்.

எங்கட லெப்டொப்பில இரண்டே துளை. ஒன்றில் மவுஸ். அதனால யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கிற, இரண்டு மைக் துளையுள்ள சின்னப் பெட்டி ஒன்றைப் பழசாக வாங்கினோம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறின பிறகு புதுசு எங்களுக்கு எட்டாது.

இரண்டாவது மைக் எதிர்க்கவி படிக்கிற பக்கத்து வீட்டு மாமிக்கு. முதல் நாள் பதிவில் கவியை விட ரெண்டு பேரின் சிரிப்புத்தான் கூட. இரைச்சல் இல்லை.