நெற்றியைத் தொடாமல் காய்ச்சல் பார்க்கும் கருவி: 200 வருடக் கதை

1/ கொரோனா காலத்தில் கடை வாசல், கல்யாண மண்டபம், ஆபீஸ்னு எங்கே போனாலும் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டினாங்க. இன்று அது பல வீடுகளில் மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கு. அது காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? அதன் வரலாறு தெரிந்தால் பதில் தானாகப் புரியும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2/ வருடம் 1800. இங்கிலாந்தில் ஸ்லோ என்ற ஊர். அங்கே வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர். இசைக்கலைஞராக இருந்து வானியலுக்கு வந்தவர். 1781-ல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்க வண்ணக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். சில கண்ணாடிகளில் வெளிச்சம் குறைவு, ஆனால் சூடு அதிகம். ஏன் என்று யோசித்தார்.

3/ சூரிய ஒளியை முப்பட்டகம் வழியே ஏழு நிறமாகப் பிரித்தார். குமிழில் கருப்பு பூசிய தெர்மாமீட்டரை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு தெர்மாமீட்டர்களை ஒளி படாத இடத்தில் வைத்தார். ஊதாவில் சூடு குறைவு, சிவப்பில் அதிகம். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்தால் இன்னும் அதிகம்! அதைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்.

4/ 1830-களில் இத்தாலியின் நோபிலி, மெல்லோனி இருவரும் வெப்பத்தை மின்சாரமாக மாற்றிக் காட்டும் நுட்பமான கருவியைச் செய்தார்கள். பல அடி தள்ளி நிற்கும் மனிதனின் உடல் சூட்டைக்கூட அது உணர்ந்தது. அதாவது சூரியன் மட்டுமில்லை, நீங்களும் நானும் எந்நேரமும் அகச்சிவப்புக் கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

5/ 1879-ல் ஜோசப் ஸ்டெஃபான் இதற்குக் கணக்கு கொடுத்தார். பொருள் சூடாக ஆக, அது வெளியிடும் கதிர் எவ்வளவு கூடும் என்ற விதி. அதன்படி உடல் 37-லிருந்து 38 டிகிரி செல்சியஸுக்குப் போனால் கதிர் கூடுவது வெறும் 1.3 சதவீதம்தான். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். இவ்வளவு சின்ன வித்தியாசத்தைத்தான் உங்க கையில் உள்ள கருவி பிடிக்கணும்.

6/ இது இயற்பியல் பக்கம். மருத்துவப் பக்கம் என்ன நடந்தது? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிக் என்ற மருத்துவர் சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பநிலை பார்த்து 1868-ல் நூலாக வெளியிட்டார். 37 டிகிரி, அதாவது 98.6 ஃபாரன்ஹீட் என்ற எண் பிரபலமானது அவரால்தான். காய்ச்சல் ஒரு நோய் அல்ல, நோயின் அறிகுறி என்பதை நிலைநாட்டியவரும் அவரே.

7/ அவர் பயன்படுத்திய தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஒரு அடி நீளம். கால் மணி நேரத்துக்கு மேல் அக்குளில் வைக்கணும்! அதே காலகட்டத்தில் இங்கிலாந்தின் தாமஸ் ஆல்பட் அதை ஆறு அங்குலமாக்கி, ஐந்து நிமிடத்தில் முடித்தார். பாதரச தெர்மாமீட்டர் நூறு வருஷத்துக்கு மேல் ராஜாவாக இருந்தது.

8/ இரண்டு கதையும் சேர்ந்தது 20-ம் நூற்றாண்டின் கடைசியில். காதுக்குள் வைக்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் 1990-களில் பரவியது. 2003-ல் சார்ஸ் வந்தபோது ஆசிய விமான நிலையங்களில் வெப்பக் கேமராக்கள். 2014-ல் எபோலா பரவிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் கைக்கருவிகள். 2020-ல் நம்ம தெருமுனைக் கடை வரை.

9/ கவனியுங்கள், இந்தக் கருவியைப் பரவலாக்கியது வேகமும் தொடாத பாதுகாப்பும். வாசலில் வரிசையாக வருபவர்களை வடிகட்ட அது போதும். ஆனால் அது அளப்பது நெற்றித் தோலின் சூட்டை. அதை வைத்து உள்சூட்டைக் கணக்குப் போட்டு ஒரு எண் காட்டுது, அவ்வளவுதான்.

10/ முதலில் பயம். "மூளை நரம்பு பாதிக்கும்"னு வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அது பொய். ஹெர்ஷலின் தெர்மாமீட்டர் மாதிரி இதுவும் கதிரை வாங்கிக்கொள்ளும் கருவி. உங்களுக்குள் எதையும் செலுத்தாது. ஆனால் சிவப்பு லேசர் புள்ளி அடிக்கும் தொழிற்சாலைக் கருவி வேறு. அதை மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. லேசர் கண்ணில் பட்டால் ஆபத்து.

11/ அடுத்து, சரியாகப் பார்ப்பது எப்படி?
• நெற்றி காய்ந்திருக்கணும். வியர்வை, ஈரத்துணி, சந்தனம் இருந்தால் துடைத்து, சில நிமிடம் கழித்துப் பாருங்கள். முடியை ஒதுக்குங்கள்.
• வெயிலில் இருந்து வந்தவுடனோ, ஃபேனுக்கும் ஏசிக்கும் நேரே உட்கார்ந்தோ பார்க்காதீர்கள். ஆளும் கருவியும் ஒரே அறையில் 10 முதல் 30 நிமிடம் இருக்கட்டும்.
• எவ்வளவு தூரத்தில் பிடிக்கணும் என்பது கருவிக்குக் கருவி மாறும். கூட வரும் கையேட்டைப் பாருங்கள்.
• பல கருவிகளில் உடல், பொருள் என இரண்டு மோடு உண்டு. பொருள் மோடில் நெற்றியைக் காட்டினால் குறைவாகத்தான் காட்டும்.
• நெற்றிக்கான கணக்கு மணிக்கட்டுக்குப் பொருந்தாது.
• சென்சார் மேல் விரல் படக் கூடாது. அழுக்கு இருந்தாலும் அளவு தப்பும்.

12/ எண்ணில் சந்தேகமா? சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாயிலோ அக்குளிலோ வைத்துப் பாருங்கள். விலையும் குறைவுதான்.

13/ கடைசியாக, இந்தப் பதிவே இதற்காகத்தான். "மெஷின்ல நார்மல்னு காட்டுச்சு சார்" என்பதை நம்பித் தாமதிக்காதீர்கள். பாரசிட்டமால் போட்டாலும் காய்ச்சல் இறங்கும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான கட்டம். கை கால் சில்லிட்டுப் போவது, கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் கருவி என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

14/ மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். அன்றே காட்டணும். 98 காட்டினாலும் குழந்தை பால் குடிக்கலை, எழுப்பினால் சரியாக எழலை என்றால் அப்போதும் அதே அவசரம்தான்.

வீட்டில் கருவி வைத்திருப்பவர்களுக்கு இதை அனுப்புங்கள்.