நோட்டின் கடைசிப் பக்கமும் விண்வெளி வீரர்களும்



மாணவர்களின் பயிற்சி நோட்டைத் திருத்தி முடித்தபின் அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் உங்களுக்கு உண்டா? முதற்பக்கத்தில் திருக்குறள் இருக்கும். கடைசிப் பக்கத்தில் அல்ட்ராமேன் தோசை தின்றுகொண்டிருப்பார். விண்கலம் ஒன்று பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் முன் வரிசையில் நின்றிருக்கும். தொலைக்காட்சியில் கண்ட அறிவியல் புனைவு நாயகர்களைப் பிள்ளைகள் தம் ஊருக்கே இழுத்து வந்து, அவர்களைச் சற்றே கோமாளிகளாக்கி வைத்திருப்பார்கள். இதனைச் சேட்டை என்று சொல்லி நாம் நோட்டை மூடிவிடுகிறோம். ஆனால், இந்தச் சேட்டைக்கு அரை நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. அதனை எழுதவேண்டும் என்பது என் நெடுநாளைய அவா.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்' தொடர் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் தொடங்கியது. 79 பகுதிகளோடு 1969 சூன் மாதத்தில் அது நிறுத்தப்பட்டது. மூன்றே பருவங்கள்தாம்! ஆயினும், அதன் இரசிகர்கள் தொடர் முடியும்வரை காத்திருக்கவில்லை. 1967ஆம் ஆண்டிலேயே 'ஸ்பாக்கனேலியா' என்னும் பெயரில் தமக்கென ஓர் இதழை வெளியிட்டுவிட்டனர். இரசிகர்களே கதை எழுதினர். இரசிகர்களே படம் வரைந்தனர். இரசிகர்களே அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினர். அதனைப் பின்பற்றி எண்ணற்ற இரசிகர் இதழ்கள் முளைத்தன.

அச்சிட்டனர் என்றேனே, எந்தப் பொறியில் என்று எண்ணுகிறீர்கள்? நம்மில் மூத்த ஆசிரியர்கள் நன்கறிந்த அதே சைக்ளோஸ்டைல் பொறிதான்! மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, கைப்பிடியைச் சுழற்றி, விரலெல்லாம் மை அப்பிக்கொண்டு தேர்வுத்தாள் எடுத்த காலத்தை மறந்தவர் யார்? அந்த மெழுகுத்தாளில் படம் வரைவது எளிதன்று. கூரிய முனையால் கீறவேண்டும். நிழலும் சாயலும் கொண்ட ஓவியம் அதில் எடுபடாது. கோடு மிகுந்தால் தாள் கிழிந்துபோகும். நாலைந்து கோடுகளில் ஒரு முகம், அதனடியில் ஒரு நகைப்பு வரி என்பதே அதற்குப் பொருந்திய கலை. இரசிகர் இதழ்களில் கேலிச்சித்திரம் செழித்ததற்கு நகைச்சுவை உணர்வு மட்டும் காரணமன்று, அந்தப் பொறியும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இவ்வகைக் கோட்டுச் சித்திரத்தில் பெயர் பெற்றவர் வில்லியம் ரோட்சுலர். இவர் சிற்பி, நிழற்படக் கலைஞர், எழுத்தாளர் எனப் பல முகம் கொண்டவர். இருப்பினும், இரசிகர் இதழ்களுக்குக் காசு வாங்காமல் வரைந்து தந்த சித்திரங்களால்தான் அவர் அவ்வுலகில் எல்லாராலும் விரும்பப்பட்டார். அறிவியல் புனைவுலகின் 'ஹியூகோ' விருதுகளில் சிறந்த இரசிகர் ஓவியருக்கென 1967ஆம் ஆண்டு முதல் ஒரு விருது வழங்கப்படுகிறது. அதனை 1975இலும் 1979இலும் பெற்ற ரோட்சுலர், தம் வாழ்வின் இறுதியில் 1996, 1997 ஆகிய ஆண்டுகளிலும் பெற்றார்.

அவரைப்பற்றி நான் சொல்ல விழைவது விருதை அன்று. ஸ்டார் டிரெக் விண்கலத்தில் தகவல் தொடர்பு அதிகாரியாக உகுரா என்றொரு கறுப்பினப் பெண்மணி வருவார். நிசெல் நிக்கல்சு ஏற்ற வேடம் அது. விடுதலை என்னும் பொருள்கொண்ட சுவாகிலிச் சொல்லிலிருந்து வந்த குடும்பப்பெயர் அது. ஆனால், 79 பகுதிகளிலும் அப்பெண்ணுக்கு முதற்பெயரே இல்லை! படத்தலைவருக்கும் மருத்துவருக்கும் முழுப்பெயர் இருக்க, அவளுக்கு இல்லை. 1982ஆம் ஆண்டு கதைமாந்தர் வரலாற்று நூலொன்றை எழுத நேர்ந்தபோது ரோட்சுலர் அவளுக்கு 'நியோட்டா' என்று பெயர் சூட்டினார். சுவாகிலியில் அதற்கு விண்மீன் என்று பொருள். நிக்கல்சு அம்மையாரும் அதனை ஏற்றார். 2009இல் வெளிவந்த திரைப்படத்தில்தான் அப்பெயர் முதன்முதலாகத் திரையில் ஒலித்தது. ரோட்சுலர் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். நோட்டின் ஓரத்தில் கிறுக்கிய கை, கதையின் நடுப்பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரை எழுதியிருக்கிறது, பாருங்கள்!

அதே 1967இன் இறுதியில் 'மேட்' என்னும் நகைச்சுவை இதழும் ஸ்டார் டிரெக்கைப் பகடி செய்து படக்கதை வெளியிட்டது. ஆனால், அது தொழில்முறை ஓவியரின் வேலை. பகடி எழுதுபவர் வெளியே நின்று நகைப்பார். இரசிகரோ வீட்டுக்குள் அமர்ந்து நகைப்பார். கல்யாண வீட்டில் சொந்தப் பெரியப்பாவைக் கிண்டல் செய்கிறோமே, அதைப் போல. இரண்டும் ஒன்றல்ல.

மேட் இதழின் தாக்கம் நம் நாட்டையும் எட்டியது. 1978 ஏப்ரலில் ஜாபார் தாயிப் முதலிய ஓவியர்கள் 'கிலா-கிலா' இதழைத் தொடங்கினர். 'கிலா' என்றாலும் 'மேட்' என்றாலும் பைத்தியம் என்றே பொருள். பெயரிலேயே உறவு தெரிகிறது அல்லவா?

இனி, நம் ஜொகூருக்கு வருவோம். ஜொகூர் பாருவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தனி வாய்ப்பு இருந்தது. சிங்கையில் 1963 பிப்ரவரியிலும் மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பரிலும் தொலைக்காட்சி தொடங்கியது. தெப்ராவ் நீரிணையைக் கடந்து வர அலைகளுக்குக் கடப்பிதழ் தேவையில்லை! சிங்கை 1974இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. நமக்கு 1978 டிசம்பரில்தான் வண்ணம் வந்தது. கூரைமேல் உள்ள அலைவாங்கியை அண்ணன் திருப்ப, கீழிருந்து தம்பி "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்திய காலம் அது. விண்கலமும் வேற்றுக்கிரக அரக்கனும் இரு நாட்டு அலைவரிசைகளின் வழியே நம் பிள்ளைகளின் கண்ணுக்குள் புகுந்தன.

நம் மாநிலத்தின் பெயர் சொல்லும் கேலிப் படைப்பும் ஒன்றுண்டு. 'குளுவாங்' என்றால் பழந்தின்னி வௌவால் என்பதும், நம் குளுவாங் நகரின் பெயர் அதிலிருந்தே வந்தது என்பதும் நீங்கள் அறிந்தவையே. 1998இல் ஆர்.டி.எம். ஒளிபரப்பிய 'குளுவாங் மேன்' என்னும் உயிரோவியத் தொடர் அமெரிக்காவின் வௌவால் மனிதனை அப்படியே உள்ளூர் வௌவாலாக்கியது. கம்ன் இஸ்மாயில் படைத்த இந்நாயகனுக்கு மாளிகை இல்லை. அவன் தம்போய் மனநல மருத்துவமனை நோயாளி. இரவானால் வெளியேறிக் குற்றவாளிகளைப் பிடிப்பான். இதனை அறிவியல் புனைவு என்று கறாராகச் சொல்ல இயலாது. மனநோயை நகைப்புக்கு ஆளாக்குவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும், அயல்நாட்டு வீரனைத் தம்போய்க்குக் குடியேற்றிய துணிவு பாராட்டத்தக்கது. 2025இல் அவன் நடிகர்கள் நடித்த திரைப்படமாகவும் வந்துவிட்டான்.

அதைவிட வியப்பானது 'ரிபுட்' கதை. ஜப்பானில் 1966இல் பிறந்த அல்ட்ராமேன், நம் நாட்டு 'உப்பின் & இப்பின்' நகைச்சுவைத் தொடருக்குள் 2014இல் வந்தார். அங்கே அவருக்கு 'அல்ட்ராமேன் ரிபுட்' என்று மலாய்ப் பெயர். ரிபுட் என்றால் புயல். உரிமையுள்ள ஜப்பானிய நிறுவனத்தின் இசைவோடு உருவானதால் இதனை வெறும் இரசிகர் கிறுக்கல் என்று சொல்லக்கூடாதுதான். எனினும், கம்பத்துப் பிள்ளைகளின் சிரிப்புக் கதையில் தோன்றிய அந்த வீரன், 2019இல் ஜப்பானியரின் சொந்த அல்ட்ராமேன் தொடரிலும் இடம்பெற்றான். மலாய்ச் சொல் ஒன்று விண்வெளி வீரனின் பெயராய் அங்கு நிலைத்துவிட்டது. நியோட்டா நினைவுக்கு வருகிறாளா?

இங்குதான் என் நெஞ்சை உறுத்தும் கேள்வி எழுகிறது. உப்பின் & இப்பினில் ராஜூவும் முத்து மாமாவும் இருக்கிறார்கள். 2011இல் தொடங்கிய 'போபோய்போய்' தொடரில் கோபால் இருக்கிறான். பொருள்களை உணவாக மாற்றும் ஆற்றல் கொண்டவன்; அச்சமும் பசியும் மிகுந்தவன்; நம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தவன். மூவரும் நம்மவர்கள். மூவரையும் படைத்தவர்கள் பிறர். அவர்களை நான் குறை கூறவில்லை; அன்போடுதான் படைத்திருக்கிறார்கள். ஆனால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம் பிள்ளை கோபாலை வரையும்போது, அவன் வாயருகே போடும் பேச்சுக் குமிழிக்குள் என்ன மொழியில் எழுதுகிறான்? நான் பார்த்தவரை பெரும்பாலும் மலாய், அடுத்து ஆங்கிலம். தமிழ்ப்பள்ளி நோட்டில், தமிழ்ப் பிள்ளையின் கையால், தமிழ்க் கதைமாந்தனின் வாயில் தமிழ் இல்லை!

தமிழ் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. படத்தைப் பார்த்து வாக்கியம் அமைக்கச் சொன்னால் அழகாக எழுதுவார்கள். 2021இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக எத்தனை ஆண்டுகள் அந்தப் பயிற்சியைச் செய்தோம்! "சிறுவன் பந்து விளையாடுகிறான்." "அம்மா பூச்செடிக்கு நீர் ஊற்றுகிறார்." பிழையற்ற வாக்கியங்கள். அந்தப் படங்களில் இருந்த எவரும் எவரையும் கிண்டல் செய்ததில்லை. தமிழைப் பிள்ளைகள் தேர்வுக்குரிய மொழியாகக் கண்டார்கள். சிரிப்புக்கு வேறு மொழியைத் தேடிக்கொண்டார்கள்.

இவ்வாண்டு நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு சுவரிதழ் தொடங்கியுள்ளேன். நோட்டின் கடைசிப் பக்கம் எதுவாயினும் அதில் ஒட்டலாம். குமிழிக்குள் தமிழ் இருக்கவேண்டும் என்பது ஒன்றே விதி. எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் சுழிக்கமாட்டேன் என்றும் வாக்களித்திருக்கிறேன். முதல் வாரத்தில் இரண்டே படங்கள். மூன்றாம் வாரத்தில் இடம் போதாமல் கதவிலும் ஒட்டினோம். அதில் ஒன்றைச் சொல்கிறேன். மழையில் நனைந்த அரக்கன் ஒருவன் பள்ளி வாயிலில் நடுங்கி நிற்கிறான். ரிபுட்டுக்கு அந்தப் பிள்ளை வைத்த பெயர் 'புயலண்ணன்'. புயலண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அரக்கனிடம் சொல்கிறார்: "டேய், குடை எடுத்துக்கிட்டு வரச் சொல்லி டீச்சர் நேத்தே சொன்னாங்கல்ல?"