மதிப்பெண் யாருடைய அளவுகோல்?

‘இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது’ என்பது பழைய சொல். ஒரு காலத்தில் சாதியைக் காட்டிச் சொன்னார்கள். இப்போது மார்க் ஷீட்டைக் காட்டிச் சொல்கிறார்கள். சொல்கிற வாய் மாறவில்லை, கையில் இருக்கிற காகிதம்தான் புதுசு. மார்க்கைவிடப் படிப்பு பெரிசு என்று நம் பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன்னால், அந்தக் காகிதத்தின் வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

திண்ணைப் பள்ளியில் நமக்கு இடமில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, கூடவே மெட்ரிகுலேஷன் தேர்வும் வந்தது. வெள்ளைக்கார ஆட்சிக்குக் குமாஸ்தாக்களைப் பொறுக்கி எடுக்கத்தான் அது அதிகம் பயன்பட்டது. 1860களில் இன்னொன்றும் சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வருவார். வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லிப் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைகளை எண்ணிப் பள்ளிக்கு மானியம் கொடுப்பார்கள். பிள்ளையின் தேர்ச்சி பள்ளியின் வருமானம் ஆகிவிட்டது. அப்புறம் வாத்தியார் என்ன செய்வார்? இன்ஸ்பெக்டர் கேட்கப்போவதை உருப்போட வைப்பார். ‘இதை மட்டும் படி, கட்டாயம் வரும்’ என்று இன்றைக்குப் பத்தாம் வகுப்பில் சொல்கிறோமே, அதன் வேர் அங்கேயும் கிடக்கிறது.

இந்தச் சூழ்ச்சியை நம் முன்னோர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அதை எதிர்த்து 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 3,412 கையெழுத்துகளோடு மனு அனுப்பினார். தேர்வு பொதுவாக இருந்தாலும் தேர்வு எழுதும் இடம்வரை போகிற வழி பொது இல்லை, தேறுகிறவன் சாதியையும் தூக்கிக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருவான் என்பதுதான் அந்த மனுவின் உட்பொருள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அவரை மதிப்பதற்கு எந்தப் பட்டமும் நமக்குத் தேவைப்படவில்லை. வாசகர்கள் சந்தேகம் கேட்டார்கள், பண்டிதர் பதில் எழுதினார். கேள்வி கேட்பதும் பதிலை ஆராய்வதும் அங்கே படிப்பாக இருந்தன. அதற்கு யாரும் மார்க் போடவில்லை.

அதே 1907இல்தான் பம்பாயில் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார். வாங்கிய மார்க் 750க்கு 282. நூற்றுக்கு 38கூட இல்லை. நம்ம ஊர் வாத்தியார் பாஷையில் ‘ஜஸ்ட் பாஸ்’. அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார், விடவில்லை, பாரசீகம் படித்தார். அந்த 282ஐ மட்டும் பார்த்தால் கொலம்பியாவும் லண்டனும் கண்ணுக்குத் தெரியுமா? அரசியல் சட்டம் தெரியுமா? கேளுஸ்கர் என்ற மராத்தி எழுத்தாளர் மார்க்கைப் பார்க்கவில்லை. புத்தகமும் கையுமாய் இருந்த பையனைப் பார்த்தார். தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவன் கையில் கொடுத்தார். அந்தப் புத்தகம் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை 1956 நாக்பூர் சொல்லும்.

இதனால் மார்க்கைத் தூக்கிக் குப்பையில் போடு என்று நான் சொல்ல வரவில்லை. அது வசதியுள்ளவன் பேசுகிற பேச்சு. என்னோடு படித்த சேரிப் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வில் மட்டும் மார்க் குறையும். அது வாத்தியார் கையில் இருந்தது. பொதுத்தேர்வுத் தாளில் தெருவும் இல்லை, பேரும் இல்லை, நம்பர்தான். அந்த நம்பர் எங்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு கொடுத்தது. ஆனால் அளவுகோல் நம் கையில் இல்லை. தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை 2007இல் தமிழகச் சட்டம் ஒழித்தது. 2017இல் நீட் வந்து உட்கார்ந்தது. அரியலூர் மாவட்டத்து நம் தங்கை அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்திருந்தாள். மார்க் எடு என்றார்கள், எடுத்தாள். எடுத்த பிறகு, அது செல்லாது என்றார்கள். உச்ச நீதிமன்றம்வரை போனாள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம்.

ஆக, மார்க் நமக்கு நுழைவுச் சீட்டு. சீட்டை எப்போது வேண்டுமானாலும் செல்லாதது ஆக்குவார்கள். கற்றதை அப்படிப் பிடுங்க முடியாது. எங்கள் மாலை வகுப்பில் கணக்கில் எப்போதும் நாற்பதைத் தாண்டாத ஒரு பிள்ளை இருந்தாள். ஒரு நாள் பட்டா நகல் ஒன்றை வகுப்பில் வைத்தோம். பரப்பு என்ற இடத்தில் 0 - 40.50 என்று இருந்தது. ஒரு ஹெக்டேர் என்றால் 247 சென்ட் என்று மட்டும் சொன்னேன். அவளே பெருக்கிப் பார்த்து, “அண்ணே, இது முழுசா ஒரு ஏக்கரு. ஆயாகிட்ட முக்கா ஏக்கருன்னுதானே சொல்லிவச்சிருக்காங்க?” என்றாள். தசமப் புள்ளி எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அடுத்த பரீட்சையில் அவள் எவ்வளவு எடுத்தாள் என்பது இங்கே முக்கியமில்லை. பஞ்சமி நிலம் கைமாறிப் போன வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் விலை தெரியும்.

மாலை வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. திருத்திய விடைத்தாள் வந்தால் மொத்த மார்க்கைக் கடைசியில் பாருங்கள். தப்பான விடையை முதலில் எடுங்கள், ‘நீ இதை எப்படி யோசிச்சே?’ என்று பிள்ளையைச் சொல்லவிடுங்கள். பொதுத்தேர்வில் முதலிடப் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. நம் சேரி முனையில் முதல் மார்க் எடுத்த பிள்ளைக்கு பேனர் கட்டுவதை நாம் நிறுத்தவில்லை. அந்த பேனர் காசில் புத்தகம் வாங்கலாம். ரிசல்ட் வருகிற நாளில் தேறிய பிள்ளைக்கு ஒன்று கொடுப்போம். பெயிலான பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போவோம், கையில் ஒன்றோடு.