மூடுபனிக்குள் மறைந்த பெயர்கள்

கடல் எமது கண்ணுக்குப் புலப்படவில்லை. அதன் இரைச்சல் மட்டுமே கேட்டது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்கு வடகிழக்கே அத்திலாந்திக் சமுத்திரத்துள் நீண்டு கிடப்பது கேப் ஆன் குடாநாடு. கோடைத் தொடக்கத்தில் ஒரு நாட் காலை நாம் அங்கு சென்றபோது மூடுபனி யாவற்றையும் விழுங்கியிருந்தது. வெப்பமான ஈரக்காற்று அக்கடலின் குளிர்நீர்மேற் படரும்போது இப்பனி உண்டாகின்றது. கரைக்கு அப்பால், தாச்சர் தீவில், 1861 இல் எழுப்பப்பட்ட இரட்டை வெளிச்சவீடுகள் உண்டு. ஒவ்வொன்றும் 124 அடி உயரமானது. அவ்விரண்டில் ஒன்றையேனும் எம்மாற் காண முடியவில்லை.

நண்பகலில் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தோம். 1623 இல் ஆங்கில வணிகக் குழுவொன்று அனுப்பிய மீனவர் முதலில் இறங்கிய இடம் இது. கரையோரத்திற் சுக்கானைப் பற்றியவாறு நிற்கும் மாலுமியின் வெண்கலச் சிலை 1925 இல் நிறுவப்பட்டது. அதனைச் சூழவுள்ள தகடுகளிற் கடலில் மாண்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1862 பெப்ரவரியில் ஜோர்ஜஸ் மேட்டில் வீசிய ஒரே புயலில் 15 கப்பல்களும் 120 மனிதரும் அழிந்தனர்.

இவர்கள் மாண்டது எவ்வாறு? ஸ்கூனர் எனும் பாய்க்கப்பலிலிருந்து, டோரி எனப்படும் தட்டையடித் தோணிகளில் இருவர் இருவராக இறங்கி, நெடுந்தூண்டில் இடுவது அன்றைய தொழில்முறை. பனி மூடிவிட்டால் தாய்க்கப்பல் மறைந்துவிடும். 1883 சனவரியில் இவ்வாறு வழிதவறிய ஹவார்ட் பிளக்பேர்ன் என்பவர், துடுப்பைப் பற்றிய நிலையிலேயே உறைந்த கைகளோடு ஐந்து நாட்கள் வலித்து நியூபவுண்லாந்துக் கரையேறினார். அவருடைய தோழர் தோணியிலேயே விறைத்து இறந்தார். பிழைத்தவர் கைவிரல்களை இழந்தார்.

உழைத்தவன் விரலை இழந்தான்; செல்வம் எவரிடம் சேர்ந்தது? பொஸ்ரன் நகரில் மாநிலச் சட்டமன்றத்தில் மரத்தாற் செதுக்கிய கொட் மீனொன்று தொங்குகின்றது. அம்மீனுக்கு அவ்விடத்தை 1784 இற் கேட்டுப் பெற்றவர் ஜோன் ரோ என்னும் வணிகர். மீனின் பெருமையை முதலில் உணர்ந்தவர் அதை விற்றவர் போலும்!

வணிகத்தின் மறுகரையையும் நாம் பார்த்தல் வேண்டும். 18 ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தின் தரமான கொட் கருவாடு ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் சென்றது. எவரும் வாங்காத கழிவுக் கருவாடோ மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றது. அங்கு அடிமைகளாக வதைபட்ட ஆபிரிக்க மக்களுக்கு அதுவே உணவு. திரும்பிய கப்பல்கள் அவர்கள் வியர்வையில் விளைந்த சர்க்கரைப் பாகை ஏற்றி வந்தன. கடலில் மாண்டவனுக்கு ஒரு தகடேனும் கிடைத்தது. அந்தக் கருவாட்டை உண்டு கரும்பு வெட்டி மாண்டவர்க்கு இத்துறைமுகத்துத் தகடுகளில் இடமில்லை. மாண்டவரை எதிர்பார்த்துக் கரையில் நின்ற பெண்களுக்குங்கூட 2001 இலேயே இங்கு ஒரு சிலை எழுந்தது.

இத்துறைமுகத்தை நாம் தேடி வந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. வல்வெட்டித்துறைக் கைவினைஞர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை, அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். அக்கப்பல் 1938 இல் எமது மாலுமிகளுடன் அத்திலாந்திக்கைக் கடந்து இங்கேதான் நங்கூரமிட்டது. வாங்கியவரின் குடும்பப் பெயர் கப்பலில் ஏறிற்று. மரத்தை இழைத்த ஓடாவியின் பெயரையும், பாய் இழுத்த கடலோடியின் பெயரையும் எம்முள் எத்தனை பேர் அறிவோம்?

மாலையிற் பனி விலகிற்று. தாச்சர் தீவின் இரு கோபுரங்களும் தெளிவாகத் தெரிந்தன. காலையிலும் அவை அங்கேதான் நின்றன.

காற்று மாறினாற் கடற்பனி தானே கலையும். வரலாற்றின் மேற் கவிந்த பனியோ தானாகக் கலைவதில்லை. எமது கரைகளிற் கப்பல் கட்டியோர், ஓட்டியோர், திரும்பாதோர் ஆகியோரின் பெயர்கள் முதியோரின் நினைவில் இன்னும் எஞ்சியுள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம்.